வீட்டில் பிரியாணி, பிள்ளை வீகன்: வேலூர் - ஆம்பூர் பகுதி டீன் ஏஜ் பிள்ளைகளும் பெற்றோரும் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

"இனிமே எனக்குக் கறி வேணாம். முட்டை வேணாம். பாலும் வேணாம்."

ஒரு பதினாறு வயசுப் பிள்ளை வீட்டில் இப்படிச் சொன்னால், பெரும்பாலான தமிழ்நாட்டு வீடுகளில் முதலில் சிரிப்பு வரும். அடுத்தது கோபம். அதற்கு அடுத்தது, "இதெல்லாம் எந்த ரீல்ஸ்ல பார்த்த?" என்ற கேள்வி.

ஆனால் வேலூர் பாகாயத்தில் தொடங்கி ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை உள்ள தோல் தொழில் பகுதியில் இந்தப் பேச்சு அத்தோடு முடியாது. இங்கே பல வீடுகளில் அப்பா தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்ப்பார். அம்மா ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பார். பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் அந்தச் சம்பளத்தில்தான் கட்டப்படுகிறது. அந்த வீட்டில் "விலங்குகளைப் பயன்படுத்துறது தப்பு" என்று பிள்ளை சொன்னால், பெற்றோர் காதில் அது "உங்க வேலையே தப்பு" என்று விழும்.

இதை எப்படிக் கையாள்வது? உடம்புக்கு ஆபத்து இல்லாமல் வீகனாக இருக்க முடியுமா? வீட்டில் யாரும் சப்போர்ட் பண்ணவில்லை என்றால் என்ன வழி? பார்க்கலாம்.

வீகன் என்றால் என்ன? சைவமும் அதுவும் ஒண்ணா?

இல்லை. நம்ம ஊர் சைவத்தில் பால், தயிர், நெய், மோர் எல்லாம் உண்டு. வீகன் முறையில் அதுவும் கிடையாது. தேனும் கிடையாது. உணவைத் தாண்டி தோல், பட்டு, கம்பளி போன்ற பொருட்களையும் முடிந்தவரை தவிர்ப்பார்கள். தமிழில் இதை 'நனிசைவம்' என்கிறார்கள்.

1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவரது நண்பர்களும் சேர்ந்து வீகன் சொசைட்டியைத் தொடங்கினார்கள். 'வீகன்' என்ற சொல் அப்போது உருவானதுதான். நவம்பர் 1-ம் தேதி உலக வீகன் தினம். அந்த அமைப்பு தரும் விளக்கத்திலேயே, நடைமுறையில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு தவிர்ப்பது என்ற பொருள் இருக்கிறது. சொந்த வருமானம் இல்லாத, வீட்டுச் சமையலை நம்பி இருக்கும் ஒரு பிள்ளைக்கு இந்த "முடிந்தவரை" ரொம்ப முக்கியம்.

தமிழ்நாட்டில் இது ஏன் இவ்வளவு விசித்திரமாகத் தெரிகிறது?

எண்ணிக்கையே பதில் சொல்லும். மத்திய அரசின் 2014 மாதிரிப் பதிவு அடிப்படைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 97 சதவீதத்துக்கும் அதிகமானோர் அசைவம் சாப்பிடுபவர்கள். அதிலும் ஆம்பூர் என்றாலே பிரியாணிதான் ஞாபகம் வரும். சீரக சம்பா அரிசி, கூடவே கத்திரிக்காய் தொக்கு, வெங்காயப் பச்சடி. கல்யாணம், பெருநாள், வளைகாப்பு எதுவாக இருந்தாலும் அந்த அண்டா இறங்கினால்தான் விசேஷம். அந்தப் பந்தியில் ஒரு பிள்ளை மட்டும் "வேணாம்" என்று கையைத் தட்டில் மறைத்தால் எல்லோரும் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள்.

சாப்பாட்டுப் பேச்சு ஏன் சண்டையாகிறது?

டீன் ஏஜ் பிள்ளைகள் இதைக் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் 'சைவம்' என்பது வெறும் மெனு கிடையாது. அதற்குள் சாதி இருக்கிறது. "அசைவம் சாப்பிடுறவங்களுக்கு வீடு இல்லை" என்ற பதிலை வாடகைக்கு வீடு தேடிய பலரும் கேட்டிருக்கிறார்கள். மாட்டுக்கறி சாப்பிடுபவர்களும், தோல் வேலை செய்பவர்களும் தலைமுறை தலைமுறையாக "அசுத்தம்" என்ற சொல்லைச் சுமந்தவர்கள்.

இந்தப் பகுதியிலேயே சமீபத்திய உதாரணம் உண்டு. 2022 மே மாதம் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணி திருவிழா நடத்த அறிவித்தது. அதில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடம் இல்லை என்றதும் கடும் எதிர்ப்பு கிளம்பியது. மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. ஒரு பிரியாணி எதற்காக இவ்வளவு பெரிய விஷயம் ஆனது? அந்த ஊர் மக்களுக்கு அது மரியாதை சம்பந்தப்பட்ட கேள்வி.

அதனால் ஒரு பிள்ளை வீட்டில் "கறி அசிங்கம்", "அதைத் தின்னா பாவம்" என்று பேசினால், பெற்றோருக்கு அது புதுக் கொள்கையாகத் தெரியாது. ஏற்கெனவே வெளியே கேட்டுப் புண்பட்ட அதே பேச்சு, இப்போ சொந்தப் பிள்ளை வாயில் வருகிறது என்றுதான் தோன்றும்.

வீகன் முறைக்கும் இந்தச் 'சுத்தம்' பேச்சுக்கும் சம்பந்தமே இல்லை. சுத்தம் பார்க்கிற சைவம் நெய்யையும் தயிரையும் விட்டுவிடுவதில்லை. வீகன் கேட்கும் கேள்வி விலங்குக்கு என்ன ஆகிறது என்பதுதான். இந்த வித்தியாசத்தைப் பிள்ளை தெளிவாகச் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

அப்பா, அம்மாவின் வேலை?

பாலாறு மாசுபட்டதைப் பார்த்து தோல் மேல் வெறுப்பு வந்த பிள்ளைகளும் இங்கே இருக்கலாம். அந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "மாசுபடுத்துபவரே செலவை ஏற்க வேண்டும்" என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று உறுதியாகச் சொன்ன வழக்கு இதுதான். தோல் ஆலைகள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்டவும் உத்தரவிட்டது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இந்த விஷயத்தைக் கையில் எடுத்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுத்து, அதை மாசுபடுத்திய ஆலைகளிடம் வசூலிக்கச் சொன்னது.

கவனிங்க, நீதிமன்றம் பொறுப்பு சுமத்தியது ஆலைகள் மீது. அங்கே தினக்கூலிக்கு நின்றவர்கள் மீது இல்லை. அந்தத் தொழிலாளியின் வீட்டுக் குழாயிலும் அதே பாலாற்றுத் தண்ணீர்தான் வந்தது. "தோல் தொழில் ஆற்றைக் கெடுத்துச்சு" என்று சொல்வது ஒன்று. "அப்பா கெடுத்தார்" என்று சொல்வது வேறொன்று.

இன்னொரு விஷயம். 'வீகன் லெதர்' என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி பாலியூரித்தேன் அல்லது பிவிசி பூசிய செயற்கைப் பொருள், அதாவது பிளாஸ்டிக். எனவே அப்பா கம்பெனியில் இருந்து வாங்கி வந்த ஷூவைத் தூக்கிப் போட்டுவிட்டு புது 'வீகன் ஷூ' கேட்பதில் யாருக்கும் லாபம் இல்லை. இருப்பது தேயும்வரை போடுங்க. அடுத்தது வாங்கும்போது உங்க விருப்பத்தைச் சொல்லுங்க.

வீட்டில் எப்படிச் சொல்வது?

சாப்பாட்டு நேரத்தில், தட்டு முன்னாடி வைத்து அறிவிக்காதீங்க. சமைத்தவருக்கு அது அவமானம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வேலை எல்லாம் முடிந்த பிறகு பேசுங்க.

இப்படிச் சொல்லலாம்: "அம்மா, நீ சமைக்கிறது தப்புன்னு நான் சொல்லல. நீங்க யாரும் மாற வேணாம். என் தட்டுல மட்டும் வேணாம்னு கேக்கறேன். எனக்குத் தனியா நீ ஆக்க வேணாம், நானே பாத்துக்கறேன்."

அந்தக் கடைசி வரி முக்கியம். எட்டு மணி நேரம் கம்பெனியில் நின்றுவிட்டு பஸ் பிடித்து வரும் அம்மாவுக்கு, இரண்டாவது பாத்திரம் என்பது இன்னொரு ஷிஃப்ட். "எனக்குக் கொள்கை இருக்கு, உனக்கு வேலை இருக்கு" என்பது நியாயமான ஏற்பாடு இல்லை. சுண்டல் ஊறவைக்க, பருப்பு வேகவைக்க, கீரை ஆய முதலில் கத்துக்குங்க. ஒரு வாரம் நீங்களே செய்து காட்டினால், "இது ரெண்டு நாள் கூத்து" என்ற பேச்சு தானாகக் குறையும்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தையும் துணைக்குக் கூப்பிடலாம். புரட்டாசியில் கறி எடுக்காத வீடுகள், கார்த்திகையில் மாலை போடும் வீடுகள், தவக்காலத்தில் கறியைத் தள்ளிவைக்கும் வீடுகள் இங்கே நிறைய. கறி இல்லாமல் ஒரு மாதம் ஓட்டுவது எப்படி என்று ஆயாவுக்கும் அம்மாவுக்கும் நன்றாகவே தெரியும். "அந்த மாதிரி ஒரு மாசம் பாத்துட்டு அப்புறம் பேசலாம்" என்று கேட்டால், மறுப்பது கஷ்டம்.

உடம்புக்கு ஆபத்தா?

பெற்றோரின் பயம் வெறும் பிடிவாதம் இல்லை. வளரும் வயதில் திட்டமில்லாமல் வீகன் ஆனால் ஆபத்து உண்மைதான். நிபுணர் அமைப்புகளே ஒரே குரலில் பேசவில்லை. நன்கு திட்டமிட்ட வீகன் உணவு வளரிளம் பருவத்தினருக்கும் ஏற்றது என்று அமெரிக்க உணவியல் அமைப்பு 2016-ல் சொன்னது. அதே ஆண்டு ஜெர்மனியின் ஊட்டச்சத்து சங்கம், குழந்தைகளுக்கும் டீன் ஏஜ் பிள்ளைகளுக்கும் பரிந்துரைக்க மாட்டோம் என்றது. இரு தரப்பும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு: திட்டமும், மருத்துவக் கண்காணிப்பும், பி12 மாத்திரையும் இல்லாமல் கூடாது.

பி12: இதில் மட்டும் சமரசம் கிடையாது

வைட்டமின் பி12 இயல்பாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான். ஒரு நாளைக்குத் தேவை சுமார் 2 முதல் 2.5 மைக்ரோகிராம். ரொம்பக் கொஞ்சம்தான், ஆனால் அது இல்லாமல் முடியாது.

பழைய சோறு, இட்லி மாவு, சுருள்பாசி இவற்றில் பி12 கிடைக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதை நம்பி இருக்க முடியாது. பழைய சோறு நல்ல உணவுதான். ஆனால் அது பி12 மாத்திரைக்குப் பதில் ஆகாது.

கல்லீரலில் இருக்கும் சேமிப்பு கொஞ்ச காலம் ஓட்டும். அதனால் முதல் ஆறு மாதம், ஒரு வருடம் "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று தோன்றும். பிறகுதான் சோர்வு, நாக்குப் புண், கை கால் மரத்துப் போவது, ஞாபக மறதி என்று ஆரம்பிக்கும். நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் நரம்புப் பாதிப்பு நிரந்தரமாகக்கூடும்.

அரசுப் பள்ளிகளில் வாரம் ஒருமுறை கொடுக்கும் மாத்திரையில் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. பி12 அதில் இல்லை. அதைத் தனியாக, எவ்வளவு அளவு என்று டாக்டரிடம் கேட்டு எடுக்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் சாதாரணமாகக் கிடைக்கும் மாத்திரைதான். கறி, முட்டை, பால் மூன்றையும் விடுவதற்கு முன்பே இந்த ஏற்பாடு தயாராக இருக்க வேண்டும்.

இரும்பு, கால்சியம், புரதம்: நம்ம சமையலிலேயே இருக்கா?

பெரும்பாலும் இருக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி 16 முதல் 18 வயது வரை ஒரு நாளைய தேவை இது:

• புரதம்: பெண்களுக்கு சுமார் 46 கிராம், ஆண்களுக்கு சுமார் 55 கிராம்
• இரும்பு: பெண்களுக்கு 32 மில்லிகிராம், ஆண்களுக்கு 26 மில்லிகிராம்
• கால்சியம்: இருவருக்கும் 1,050 மில்லிகிராம்

புரதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வேகவைக்காத அளவில் துவரம்பருப்பு 60 கிராம் எடுத்தால் சுமார் 13 கிராம் புரதம். கொண்டைக்கடலை 40 கிராமில் 8. வேர்க்கடலை 40 கிராமில் 10. சோயா உருண்டை 20 கிராமில் 10. மொத்தம் 41 கிராம். சோறு, இட்லி, களியில் வருவதையும் சேர்த்தால் தேவையைத் தாண்டிவிடும். இதில் எதுவும் ஆன்லைனில் வாங்கும் பொருள் இல்லை. பாதாம் பால், டோஃபு, செயற்கைக் கறி எல்லாம் இல்லாமலே சமாளிக்கலாம்.

கால்சியத்துக்கு நம்ம பக்கத்துக் கேழ்வரகு பெரிய பலம். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். களியோ கூழோ உங்க இஷ்டம், ஆனால் கூழில் மோர் கூடாது, அவ்வளவுதான். கூடவே எள்ளுருண்டை, முருங்கைக்கீரை. இவற்றில் உள்ளது முழுவதும் உடம்பில் சேராது என்பதால், ஒன்றை மட்டும் நம்பாமல் மூன்றையும் மாற்றி மாற்றிச் சாப்பிடணும்.

இரும்புச்சத்துதான் சிக்கலான இடம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அதாவது கறி சாப்பிடும் வீடுகளிலேயே இந்த நிலை. கீரை, பயறு, கொள்ளு, வெல்லம் சாப்பிடும்போது எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்குங்க, இரும்பு நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம், அது தடுக்கும். பள்ளியில் தரும் இரும்பு மாத்திரையைத் தூக்கிப் போடாதீங்க.

சத்துணவில் முட்டை வேண்டாம் என்றால் வாழைப்பழம் தருவார்கள். பழம் நல்லதுதான், ஆனால் முட்டையின் புரதம் அதில் இல்லை. ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையை டப்பாவில் எடுத்துட்டுப் போங்க.

வெளியே சாப்பிடும்போது எதைக் கவனிக்கணும்?

• குஸ்கா வீகன் இல்லை. கறித்துண்டு இல்லையே தவிர, அது பிரியாணி அண்டாவில் இருந்து வரும் சோறுதான்.
• ஆற்காடு மக்கன் பேடாவில் பால்கோவா இருக்கிறது.
• பரோட்டா மாவில் முட்டை அல்லது பால் சேர்க்கும் கடைகள் உண்டு. கேட்டுட்டு வாங்குங்க.
• பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம் என்றுதான் அர்த்தம், பால் இருக்கலாம். பொருட்பட்டியலுக்குக் கீழே ஒவ்வாமை எச்சரிக்கையில் "பால் உள்ளது" என்று இருக்கிறதா என்று பாருங்க.
• வீகன் உணவுக்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் தனி விதிமுறை கொண்டுவந்தது. அதற்குத் தனி பச்சை நிற முத்திரை உண்டு.

வீட்டில் கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்?

படிப்படியாகப் போங்க. முதலில் கறி, மீனை விடலாம். பிறகு முட்டை. பாலைக் கடைசியில் வைக்கலாம், ஏனென்றால் கால்சியமும் கொஞ்சம் பி12-ம் அதில்தான் சுலபமாக வருகிறது. பி12 மாத்திரை வாங்கவே வீட்டில் விடவில்லை என்றால், அது கிடைக்கும் வரை பாலையோ முட்டையையோ தொடருங்க. அது தோல்வி கிடையாது. பதினெட்டு வயசுக்குப் பிறகு, கையில் சம்பளம் வந்த பிறகு முழுதாக மாறிக்கொள்ள நிறைய காலம் இருக்கு. இப்போது கெடும் எலும்பையும் நரம்பையும் அப்போது திரும்ப வாங்க முடியாது.

அம்மா தெரியாமல் குழம்பில் கறிச்சாறு கலந்துவிட்டால், அதற்காக நாள் முழுக்கப் பட்டினி கிடக்காதீங்க. பட்டினிப் போராட்டம் உங்க வாதத்தைப் பலவீனமாக்கும். "பாத்தியா, சாப்பிடாம இளைச்சுட்டா" என்பதுதான் எதிர்த்தரப்புக்குக் கிடைக்கும் ஆதாரம்.

வற்புறுத்தி வாயில் திணிப்பது, அடிப்பது, சோறு போடாமல் விடுவது என்று போனால் அது உணவுப் பிரச்சினை இல்லை, குழந்தைப் பாதுகாப்புப் பிரச்சினை. 1098 எண்ணில் அழைக்கலாம்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

முதலில், "ஏன்?" என்று ஒரு தடவை கோபமில்லாமல் கேளுங்க. பிராணி மேல் பாசமா, ஆறு கெட்டதன் வருத்தமா, ஒல்லியாகணும் என்ற ஆசையா? மூன்றாவது என்றால் கவனம் தேவை. வேகமாக எடை குறைவது, மாதவிடாய் நின்று போவது, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடாமல் தவிர்ப்பது, தட்டில் நாளுக்கு நாள் அளவு குறைவது இவையெல்லாம் வீகன் கொள்கையின் அடையாளம் இல்லை. உணவுக் கோளாறாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டணும். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற டெலி மானஸ் எண் 24 மணி நேரமும் இருக்கிறது.

இரண்டாவது, சண்டையை டாக்டர் முன்னால் கொண்டு போங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்க்கலாம். பி12 போன்ற பரிசோதனைக்கு வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், பாகாயத்திலேயே சிஎம்சி-யின் சமூக நல மருத்துவமனையும் இருக்கின்றன. ஆரம்பிக்கும்போது ஒருமுறை, பிறகு ஆறு மாதம் கழித்து ஒருமுறை ஹீமோகுளோபின், பி12, எடை, உயரம் பார்த்துவிட்டால், "இளைச்சுட்ட", "இல்ல, நல்லாதான் இருக்கேன்" என்ற வாக்குவாதத்துக்கு வேலை இல்லை. அளவு குறைந்தால் பிள்ளை டாக்டர் சொல்வதைக் கேட்கணும். சரியாக இருந்தால் வீட்டில் இருப்பவர்கள் விட்டுக்கொடுக்கணும். இதை முன்கூட்டியே இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, சொந்தக்காரர்கள் முன்னால் பிள்ளையைக் கேலி செய்யாதீங்க. கல்யாணப் பந்தியில் "அவளுக்குச் சாம்பார் போடுப்பா" என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும், மற்றவர்கள் வாய் மூடும்.

இந்த வாரமே தொடங்க நினைத்தால்?

வீட்டில் அறிவிக்கும் முன் மூன்று வேலையை முடிங்க. ஒன்று, ரத்தப் பரிசோதனையும் பி12 மாத்திரையும் பற்றி டாக்டரிடம் கேட்பது. இரண்டு, நீங்களே செய்யத் தெரிந்த ஐந்து சாப்பாட்டை எழுதி வைப்பது. மூன்று, அப்பா, அம்மா சாப்பிடும் சாப்பாட்டையும் பார்க்கும் வேலையையும் குறை சொல்லாமல் உங்க காரணத்தைச் சொல்ல முடிகிறதா என்று தனியாக ஒருமுறை பேசிப் பார்ப்பது. மூன்றாவது வரவில்லை என்றால் இன்னும் இரண்டு வாரம் பொறுங்க.